மைனஸ் பக்கம் போகாத படகு

டியூஷன்காரனுக்குத் தொண்டைதான் மூலதனம். என் மாதிரி முன்கோபிக்கு அது மாசக் கடைசி வரை தாங்காது. பாடம் நடத்தும் சக பாவிகளுக்குச் சொல்லவே வேண்டாம்.

நானும் பத்தாவதில் கணக்கைக் கோட்டைவிட்டு, காரைக்கால் மார்க்கெட்டில் பேரம் பேசிப் பிழைத்து, மறுபடி எழுதிப் பாஸானவன்தான். அதனால் எங்கள் ஊர் கோவில்பத்தில் என்னிடம் பெரியவர்களும் படிக்க வருவார்கள். படகு ஓட்டிய செல்வம் அண்ணன் அப்படி வந்தவர். முட்டி போய்விட்டது, இனிக் கடலுக்குப் போக முடியாது. பத்தாவது பாஸானால் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை. மீன் விற்கும் அவர் மனைவி மரகதம் அக்காவும் துணைக்கு வந்து உட்காருவார். கிராஃபைப் பிடித்தால் தேறிவிடலாம் என்று ஆரம்பித்தேன்.

மூன்றாவது புள்ளி

y = 2x + 1. x-க்கு 0, 1, 2 கொடுத்தால் y 1, 3, 5. அண்ணன் இரண்டு புள்ளி வைத்ததுமே ஸ்கேலை எடுத்துவிட்டார். "ரெண்டு இருந்தாலே கோடு வந்துடும்னு நீங்கதான சொன்னீங்க?"

"ரெண்டுல ஒண்ணு தப்பானாலும் கோடு வரும்ணே! மூணாவது அதுமேல உக்காரலன்னாத்தான் தப்பு தெரியும்!" என்று கத்தினேன்.

மரகதம் அக்கா குறுக்கே வந்தார்: "வாங்குன மீனை இன்னொரு தராசுல போட்டுப் பாக்குற மாதிரின்னு சொன்னா முடிஞ்சுது. அதுக்கு ஏன் தம்பி தொண்டையக் கிழிச்சுக்கிறீங்க?"

கரையில் ஒரு புள்ளி

x அச்சு, y அச்சு புரியவில்லை என்றார் அண்ணன். வம்பை நானே விலைக்கு வாங்கினேன்: "நடுவுல பூஜ்யம் நம்ம கரை. வலது பக்கம் கடல். x எவ்வளவோ அவ்வளவு தூரம் போங்க. அங்கேருந்து வடக்க ஏறினா y." அண்ணன் புள்ளிகளைச் சரசரவென்று வைத்தார்.

மறுநாள் x = −2 கொடுத்தேன். y −3 என்று சரியாகப் போட்டார். தாளில் மட்டும் புள்ளியைக் காணோம். பேனாவை விட்டெறிந்தேன். அவர் நிதானமாகப் பொறுக்கிக் கொடுத்தார். "மைனஸ் ரெண்டுன்னா வயக்காடுல்ல வருது தம்பி. நெல்லுக்குள்ள எப்படிப் படகு ஓட்டுறது?"

ரிசல்ட்

பரீட்சையில் வந்த கோடு பாதி இடது பக்கம். எழுதிவிட்டு வந்தவரைப் பள்ளிக்கூட வாசலிலேயே மடக்கினேன்: "மைனஸ் பக்கம் போனீங்களா, இல்லையா?"

"எறங்கி நடந்து போயி வெச்சுட்டேன் தம்பி" என்றார்.

பிரவுசிங் சென்டரில் பார்த்தோம், பாஸ். அண்ணன் முட்டியைத் தடவிக்கொண்டு அழுதார். மரகதம் அக்கா கண்ணைத் துடைத்த கையோடு என் பக்கம் திரும்பினார். "கூட ஒக்காந்து கேட்டதுல எனக்கும் பாதி வந்துடுச்சு தம்பி. அடுத்த பரீட்சைக்கு என் பேரைப் போட்டுக்கங்க. பாதி ஃபீஸ் தர்றேன்."

மார்க்கெட்டில் யாருக்கும் மசியாத நான், ஒரு வருஷமாக ஒரு ஃபீஸுக்கு இரண்டு பேருக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.