மாமா தூக்கிய விரல்

மலாய் நாட்டில், காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த கிரிக்கெட் திடலுக்கு என்னைவிட வயது அதிகம். பட்ட பாடும் அதிகம். முதலில் அது சதுப்பு நிலமாம். வெள்ளைக்காரத் துரைமார்கள் செம்மண் கொட்டி மேடாக்கினார்கள். அதாவது, கொட்டச் சொன்னார்கள். கொட்டியது நம் ஆட்கள். ஜப்பான்காரன் காலத்தில் திடல் முழுக்க மரவள்ளி நட்டார்கள். சண்டை முடிந்து மறுபடி புல் போட்ட பிறகும், மழை பெய்தால் ஸ்டம்புக்குப் பக்கத்திலேயே மரவள்ளி தளிர்விடும். அதைப் பிடுங்கிவிட்டுத்தான் ஆட்டம் தொடங்கும். அதற்குள் துரைமார்களும் குறைந்து போயிருந்தார்கள். எதிர்த்து ஆட ஆள் வேண்டுமே என்று டவுன் ஆட்களையும் திடலுக்குள் விட்டார்கள்.

சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம். எனக்குப் பத்து வயது. அம்மாவின் தம்பியான என் மாமா அரசாங்க அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா; ஞாயிற்றுக்கிழமைகளில் அம்பயர். ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் நண்பரிடம் இரவல் வாங்கிய வெள்ளைக் கோட்டில் நிற்பார். பக்கத்தில் போனால் டிஞ்சர் வாடை அடிக்கும். நான் கணக்கில் கெட்டி என்பதால், ஏணியில் ஏறித் தகர எண்களைப் பலகையில் மாட்டும் வேலை எனக்கு. பெண்பிள்ளைக்கு ஏணி என்ன வேண்டிக்கிடக்கிறது என்று அம்மா வாராவாரம் கேட்பார். வாராவாரம் நான் ஏறுவேன்.

மாமாவுக்கு ஒரே ஒரு சங்கடம். எதிரணித் தலைவர் அவருடைய அலுவலகத் துரை. ஸ்டம்புக்கு நேராக வரும் பந்து காலில் பட்டால் அவுட் என்பது விதி. துரையின் கால்களோ பெரியவை. பந்து அடிக்கடி அவற்றில்தான் போய் மோதும். ஆனால் மாமாவின் கண்ணுக்கு அப்படிப்பட்ட பந்து ஒன்றுகூட நேராக வந்ததில்லை. யாரும் அவரைக் குறை சொன்னதில்லை. அவருக்கு நான்கு பிள்ளைகள்.

அன்றைக்குத் துரை நாற்பது ஓட்டங்களைத் தாண்டிவிட்டார். எங்கள் பக்கம் பந்து வீசியவர், பல தலைமுறைக்கு முன்பே வந்து குடியேறிய தமிழர்கள் வாழும் கம்போங் செட்டியைச் சேர்ந்த ஓர் அண்ணன். நெற்றியில் விபூதி இருக்கும். வாயில் மலாய்தான் வரும். தமிழில் உறவுமுறைகள் மட்டும் தெரியும். அவர் வீசிய பந்து துரையின் முழங்காலில் டொப்பென்று மோதியது. வழக்கமாகக் கேட்காமலே திரும்பிவிடுகிறவர், அன்று நின்று மாமாவைப் பார்த்து மெதுவாக, "அவுட் கா, மாமா?" என்று பாதி மலாயில் கேட்டார்.

மாமா கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்தார். மூக்கைச் சொறியப் போகிறார் என்றுதான் நினைத்தேன். விரல் மூக்கைத் தாண்டி மேலே போயிற்று.

யாரும் கைதட்டவில்லை. என் கையிலிருந்து ஒரு தகரம் நழுவி விழுந்த சத்தம்தான் கேட்டது. துரை மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்து வெளியேறினார்.

அன்று மாலை துக்கம் விசாரிப்பதுபோல ஆட்கள் வந்தார்கள். வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள் என்றார் ஒருவர்; வேலையே போய்விடும் என்றார் இன்னொருவர். மாமாவின் மனைவியான அத்தை டிரங்குப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினார்.

"ஒரு வெரலத் தூக்காம இருந்திருந்தா என்னாடா கொறஞ்சிருக்கும்?" என்றார் அம்மா.

"அது அவுட்டு, அக்கா," என்றார் மாமா. அவ்வளவுதான்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட வந்த மாமா, சைக்கிளை நிறுத்துவதற்குள் நாங்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டோம். துரை ஒன்றும் சொல்லவில்லையாம். ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு வரச் சொன்னாராம். அவர் படித்துப் பார்க்கும்வரை மாமா எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம்.

"உக்காரச் சொன்னாராங்க?" என்றார் அத்தை.

"இல்ல. நானா இழுத்துப் போட்டு உக்காந்தேன்."

பதினொரு வருஷமாக அந்த அறையில் நின்றுகொண்டே கையெழுத்து வாங்கியவர் அவர் என்று அப்பா மெதுவாகச் சொல்லிவிட்டு, சத்தமாகச் சிரித்தார். அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. அம்மா ஓடிப்போய் மாமாவுக்குப் பெரிய மீன் துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தார்.

எனக்குப் பெரிய ஏமாற்றம். துரை கத்தியிருப்பார், மாமா பதிலுக்குக் கத்தியிருப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். போயும் போயும் ஒரு நாற்காலி. எங்கள் வீட்டில் ஆறு இருந்தன. ஆறிலும் நான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்காக யாரும் எனக்கு மீன் துண்டு வைத்ததில்லை.