பிச்சையின் எஞ்சினும் கிரீஸ் டப்பாவும்

கோட்டைப்பட்டினத்தில் பிச்சையின் எஞ்சின் பிழைத்த கதையை எதிர்வீட்டுக்காரனான நான்தான் சொல்ல வேண்டும். அவன் சொன்னால் பெண்டாட்டி மீனம்மாள் பெயரே வராது.

பிச்சை நண்டு வலை போடுகிறவன். வல்லம் என்கிற அவன் நாட்டுப்படகில் இருப்பது தண்ணீர் கேட்காத, காற்றிலேயே ஆறிக்கொள்ளும் சின்ன டீசல் எஞ்சின். அது தேய்ந்து, புகை கக்கி, சித்திரை பிறந்த கையோடு நின்றுவிட்டது. விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கும் நேரம் அது. அவை குறுக்கே வந்து வலையை அறுக்காமல், கடல் முழுக்க நாட்டுப்படகுக்காரனுக்கே கிடைக்கும். அந்த நேரத்தில் எஞ்சின் இல்லையென்றால் மீனம்மாளின் அண்ணன் வசந்தகுமாரின் வல்லத்தில் கூலிக்குப் போக வேண்டியதுதான். "வா மாப்ள, ஒனக்கில்லாத எடமா?" என்று அவர் சிரித்த சிரிப்பில் பிச்சைக்குச் சோறு இறங்கவில்லை.

புது எஞ்சின் விலையைக் கேட்டான், பழையது தேடிப் பஸ் ஏறிவிட்டான். ஆலங்குடியில் ஒரு தென்னந்தோப்பில் இதே மாதிரி எஞ்சின் ஒன்று, மேல்மூடி வெடித்து, பழைய இரும்புக்குப் போகக் காத்துக் கிடந்தது. பிச்சையுடையதில் மூடி நன்றாக இருந்தது, தேய்ந்தது சிலிண்டர்தான். அப்புறமென்ன! அந்தச் சிலிண்டரையும் பிஸ்டனையும் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். ரிங் மட்டும் புதிது. வால்வை அவனே கையால் உருட்டி உருட்டித் தேய்த்துப் பொருத்தினான். வீட்டில் படுக்கிற இடமெல்லாம் நட்டும் போல்ட்டும்.

கைப்பிடியைச் சுற்றினான். ஒரு இருமல், கொஞ்சம் புகை, பிறகு டப டப டப! எனக்கே புல்லரித்தது.

"ஓடுதுடீ! என் தங்கம் ஓடுது!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினான்.

அந்தச் சந்தோஷத்தில்தான் கிரீஸ் டப்பாவை எடுத்தான். எங்கள் கரையில் இரும்பைக் கண்டால் கிரீஸ் தடவாமல் விடமாட்டோம், உப்புக்காற்று தின்றுவிடும் என்ற பயம். சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் மடிப்புகளில், பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல அப்பினான்.

மீனம்மாள், அவன் கழற்றிப்போட்ட பழைய சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தாள். மடிப்புகளுக்குள் கிரீஸும் மணலும் கருகிக் கல்லாய் அடைத்திருந்தன.

"ஏங்க, காத்துல ஆறுற எஞ்சின்னுதானே சொன்னீங்க? இப்புடி அடைச்சா காத்து எங்கிட்டுப் போகும்? ஆலங்குடிக்காரர் ஒண்ணும் தடவலையே, அந்தச் சிலிண்டரு நல்லாத்தான இருக்கு?"

பழையதைக் கெடுத்தது தன் கைதான் என்று புரிந்ததும் பிச்சைக்கு முகம் சுண்டிவிட்டது. இருவரும் உட்கார்ந்து, டீசலும் பழைய பல்துலக்கும் பிரஷுமாக ஒவ்வொரு மடிப்பையும் சுத்தம் செய்தார்கள்.

மறுநாள் விடியுமுன் கடலுக்குப் போன வல்லம் வெயில் ஏறியும் திரும்பவில்லை. மீனம்மாள் அலையோரம் நின்றாள், நானும் நின்றேன். முதலில் சத்தம்தான் வந்தது, டப டப டப. பிறகு வல்லம் தெரிந்தது. அதன் பின்னால் கயிற்றில் கட்டி இழுபட்டு இன்னொரு வல்லமும் வந்தது. அதில், சூடேறி நின்றுபோன எஞ்சின் பக்கத்தில் வசந்தகுமார் உட்கார்ந்திருந்தார்.

பிச்சை நண்டைக்கூடக் காட்டவில்லை. "மீனா, ஒங்கண்ணன் எஞ்சினும் கிரீஸுக்குள்ளதான் கெடக்கு!" என்று தூரத்திலேயே கூவினான்.

மீனம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, அண்ணன் வல்லத்தை நோக்கிக் கையை நீட்டினாள்.

"அண்ணே, அந்தக் கிரீஸ் டப்பாவ இங்கிட்டுக் குடு."

வசந்தகுமார் டப்பாவை எடுத்து அவள் கையில் வைத்தார்.