சேறு அடங்கும்வரை

எதையும் ஒருமுறை பார்த்தால் எனக்குக் கைவந்துவிடும். மோட்டார் காயில் கட்டுவது, கேரம், புல்லாங்குழல் எல்லாம் ஒரு வாரத்தில் வந்தன, இரண்டாவது மாதத்தில் போய்விட்டன. என் மனைவி நேர்மாறு. கல்யாணமாகி இருபது வருடமாகியும் அவளுக்குச் சைக்கிள் ஓட்ட வராது. அப்படிப்பட்டவள், மகளிர் குழுவுக்கு வந்த நடவு மெஷினை நான்தான் ஓட்டுவேன் என்று கை தூக்கிவிட்டு வந்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?"

"பன்னெண்டு வயசுல நடவுக்குக் குனிஞ்சேன். போதுங்க. ஒரு போகமாவது நிமிந்து நின்னு நடணும்."

பயிற்சி கொடுக்க ஒருவர் தஞ்சாவூரிலிருந்து வந்தார். வேடிக்கை பார்க்கப் போன நான் சும்மா இருக்காமல் மெஷினைப் பிடித்து ஒரு சால் ஓட்டிக் காட்டினேன். நூல் பிடித்த மாதிரி போனது. "சாருக்கு நல்ல கைவாகு" என்றார். அடுத்து இவள் பிடித்தாள். மெஷின் நேராகப் போய் வரப்பில் ஏறி நின்றது. குழுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் பொத்தாமலே, "அக்கா, பேசாம வீட்டுக்காரரையே குழுவுல சேத்துடுங்க" என்றாள்.

அதற்கு வழியில்லை. குழுப் பெண்களில் ஒருவர்தான் ஓட்ட வேண்டும். குறுவை நடவின்போது அதிகாரி வந்து பார்ப்பார், ஓட்ட ஆளில்லை என்றால் மெஷின் பக்கத்து ஊருக்குப் போய்விடும். மற்றவர்கள் ஒவ்வொருவராக விலகிக்கொள்ள, இவள் மட்டும் மிஞ்சினாள்.

அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் சோற்றை வடித்து வைத்துவிட்டு, மோட்டார் தண்ணீர் பாயும் மூலைக் கொல்லைக்குப் போய்விடுவாள். இடுப்புவரை சேறோடு திரும்பி வருவாள். திரும்பும் இடத்தில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். சாம்பார் கிளறும்போதுகூடக் கரண்டியை மெஷின் கைப்பிடி மாதிரி திருப்பிக்கொண்டிருப்பாள். மூன்று வாரம் பார்த்தேன். கோணல் குறைந்ததே தவிரப் போகவில்லை. பொறுக்க முடியாமல் ஒருநாள் கத்திவிட்டேன்.

"உனக்கு வராது. விட்டுடு!"

"வராதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு இன்னும் தெரியலையே" என்றாள், முட்டியில் மருந்து தடவிக்கொண்டே. கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அதிகாரி வருகிற நாள் காலையில் நான் ஒரு காரியம் செய்தேன். ஊர் சிரிக்க அவள் நிற்கப்போகிறாளே என்று எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. விடியுமுன்பே எழுந்து, அவள் சமையலை முடிப்பதற்குள், ரோட்டோர வயலில் டிராக்டரை விட்டுச் சேறடித்து, பரம்படித்துச் சமப்படுத்தி, மெஷினை இறக்கி நானே நட்டுவிட்டேன். அவள் நட்டதாகக் காட்டிவிடலாம் என்று கணக்கு. ஒவ்வொரு சாலும் ஸ்கேல் வைத்த மாதிரி. வரப்பில் ஏறி, என்னை நானே மெச்சிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன்.

பாதி நாற்று மிதந்துகொண்டிருந்தது. மீதி சேற்றுக்குள் முழுகிப்போயிருந்தது.

அதற்குள் அவள் வந்துவிட்டாள். குனிந்து சேற்றில் விரலால் ஒரு கோடு இழுத்தாள். இழுத்த கையோடு கோடு மூடிக்கொண்டது.

"சேறு அடங்கலைங்க. ஒருநாள் விடணும்."

எங்கள் பக்கத்தில் சேறடித்த சூட்டோடு நட்டுத்தான் பழக்கம். கை நடவுக்கு அது சரி. மெஷினுக்கு ஆகாது என்று பயிற்சியின் முதல் நாளே சொன்னார்களாம். அப்போது நான் கைவாகு என்ற வார்த்தையை ரசித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். இவளோ முதல் வாரமே இதே தப்பைச் செய்து, நாற்றை மூழ்கடித்து, தினம் ஒரு கோடு இழுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறாள். மூலைக் கொல்லையில் முந்தின நாளே சேறடித்து வைத்திருந்தாள்.

"பாதி நாத்தைத் தீத்துட்டேனே" என்றேன்.

"பாய் நாத்து கிழியும், வீணாகும்னு நெனச்சு கூடுதலாவே போட்டிருக்கேன். வாங்க, வந்து தூக்குங்க."

பாய் மாதிரி சுருட்டிய நாற்றை நான் தூக்கிக் கொடுக்க, அதிகாரியும் குழுவும் வரப்பில் நிற்க, அவள் நட்டாள். நிமிர்ந்து நின்று நட்டாள். ஒவ்வொரு சாலும் கடைசியில் லேசாக இடதுபக்கம் வளைந்தது.

"கொஞ்சம் கோணலா இருக்கேம்மா" என்றார் அதிகாரி.

"இருக்கு சார். நாத்து நிக்குதா பாருங்க."

அவர் இறங்கி இரண்டு நாற்றை இழுத்துப் பார்த்தார். நின்றது. மெஷின் எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டது. அன்று வாயைப் பொத்தாமல் சிரித்தவள்தான் முதலில் கை தட்டினாள்.

என்னுடைய ரோட்டோர வயல்? நாற்று செத்த இடத்திலெல்லாம் கையால் மறுபடி நட வேண்டியதாயிற்று. ஆள் கிடைக்கவில்லை, நானேதான் நட்டேன். இரண்டாம் நாளே இடுப்பு விட்டுப்போனது. இருபது வருடம் இவளை வரப்பில் நின்று விரட்டியிருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. மூன்றாம் நாள் அடுத்த வயலுக்கு மெஷினை ஓட்டிக்கொண்டு போனவள், வரப்பில் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"வரலைன்னா விட்டுடுங்க" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

நான் குனிந்தபடியே அடுத்த நாற்றை ஊன்றினேன்.