போலந்து எந்தப் பக்கம்?

போன சனிக்கிழமை, ஐம்பத்தெட்டு வயது மனிதர் ஒருவருக்கு வெள்ளி அரைஞாண் கொடி பரிசளித்துவிட்டு வந்தேன். கைக்குழந்தைக்கு இடுப்பில் கட்டுவோமே... அதேதான்.

தப்பு முழுக்க என்னுடையது இல்லை. பிரிட்ஜ்வாட்டரில் எங்கள் பக்கத்து வீட்டில் மாரெக்கும் அவர் மனைவி ஹலினாவும் இருக்கிறார்கள். போலந்திலிருந்து வந்து இருபத்தைந்து வருஷம். என் கணவர் சேகரை அவருடைய கம்பெனி ஒரு மாத வேலையாக அவர்கள் நாட்டுத் தலைநகர் வார்சாவுக்கு அனுப்புகிறது. நானும் போகிறேன். "அந்த ஊரைப் பத்தி ஒண்ணுமே தெரியாதே" என்று ஹலினாவிடம் புலம்பினேன்.

"சனிக்கிழமை வீட்டுல நேம் டே பார்ட்டி. வாங்க, எல்லாம் சொல்லித் தர்றோம்" என்றாள். அவர்கள் பேசியதெல்லாம் போலிஷ் வாசனை அடிக்கும் இங்கிலீஷ். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

நேம் டே என்றால்? பெயர் வைக்கிற விசேஷம்தானே!

"அவங்க பொண்ணுக்குக் குழந்தை பொறந்திருக்கும்போல" என்றேன் சேகரிடம்.

"அவங்களுக்குப் பொண்ணே கிடையாதே?"

"பக்கத்து வீட்டுல யார் இருக்காங்கன்னு உங்களுக்கு என்னிக்குத் தெரிஞ்சிருக்கு? காரை எடுங்க, ஐசலின் போகணும்."

நம்ம ஊர் நகைக்கடைகள் வரிசையாக இருக்கும் ஓக் ட்ரீ ரோட்டில் அரைஞாண் வாங்கினேன். வழியில் ஒரு டஜன் ரோஜா.

கதவைத் திறந்த மாரெக்கிடம் சேகர் கையை நீட்டினார். மாரெக் இரண்டடி பின்னால் நகர்ந்தார். வாசற்படிக்கு மேலே கை குலுக்கினால் சண்டை வருமாம். முதல் பாடம். ஹலினா பூங்கொத்தை எண்ணிப் பார்த்து, ஒரே ஒரு ரோஜாவை உருவி என்னிடமே திருப்பித் தந்தாள். இரட்டைப்படைப் பூ, சாவு வீட்டுக்குத்தானாம். இரண்டாம் பாடம். நான் தேடிய குழந்தை... மாரெக்தான்! காலண்டரில் ஒவ்வொரு தேதிக்கும் சில பெயர்கள் உண்டு; உங்கள் பெயர் வருகிற நாள் உங்கள் விசேஷம். பிறந்தநாளைவிடப் பெரிதாகக் கொண்டாடுகிறவர்களும் இருக்கிறார்களாம். மூன்றாம் பாடத்துக்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

மாரெக் அரைஞாணைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு சுற்றாக மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, "பிரமாதம்" என்றார். சேகர் கூரையைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அப்போதுதான் அழைப்பு மணி அடித்தது. வந்தவர் மாரெக்கின் தம்பி தோமெக். மாரெக் சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டார்.

ஹலினா என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். "நேம் டேக்கு எங்க ஆளுங்க யாரையும் தனியா கூப்பிட மாட்டோம், தேதி தெரிஞ்சவங்க வருவாங்க. வந்தவங்களைப் போகச் சொல்லவும் முடியாது. இவங்க பேசி மூணு வருஷம் ஆச்சு!"

சொத்துத் தகராறா? இல்லை. தேர்தல்.

போலந்துத் தேர்தலில் வெளிநாட்டில் இருக்கிறவர்களும் ஓட்டுப் போடலாம். தோமெக்கின் கார் ரிப்பேர். மாரெக்தான் தன் காரில் அழைத்துப்போனார். இரண்டு பேரும் க்யூவில் நின்று, ஒரே சாண்ட்விச்சைப் பாதிப் பாதி சாப்பிட்டு, ஆளுக்கொரு கட்சிக்கு ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். திரும்பும் வழியில் விஷயம் வெளியே வந்திருக்கிறது. அதோடு சரி. ஒருவர் ஓட்டை மற்றவர் ஓட்டு அடித்துவிட்டது - வீட்டிலேயே தூங்கியிருக்கலாம்! சொல்லும்போது ஹலினா சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வரவில்லை. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப் ஒன்றாக இருந்தது, தமிழ்நாட்டுத் தேர்தலுக்குப் பிறகு மூன்றாகிவிட்டது. மூன்றிலும் அதிகம் கத்துகிறவர், அங்கே ஓட்டே இல்லாத எங்கள் டெக்சாஸ் சித்தப்பா.

சாப்பாட்டு மேஜையில் அண்ணன் ஒரு கோடி, தம்பி மறு கோடி. நடுவில் நான்.

"மாலாகிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று என்னைப் பார்த்து ஆரம்பித்தார் மாரெக். "அங்க ஞாயித்துக்கிழமை பெரிய கடையெல்லாம் மூடியிருக்கும். நல்ல சட்டம். குடும்பத்தோட உக்காந்து சாப்பிடலாம்."

தோமெக்கும் என்னைத்தான் பார்த்தார். "குடும்பத்தோட பெட்ரோல் பங்க்ல போய் ரொட்டி வாங்கலாம்னு அவர்கிட்ட சொல்லுங்க. அது ஒண்ணுதான் திறந்திருக்கும்."

"அவன் சொல்ற போலந்துல நான் பொறக்கலைன்னு சொல்லுங்க."

"அவர் சொல்ற போலந்து எப்பவோ முடிஞ்சு போச்சுன்னு சொல்லுங்க."

ஒரே மேஜை. ஒரே இங்கிலீஷ். நான் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி அதையே மறுபடி சொல்லிக்கொண்டிருந்தேன். கழுத்து வலித்தது. இருவருமே அந்த நாட்டை விட்டு வந்து கால் நூற்றாண்டு ஆகிறது என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

பேச்சை மாற்ற நினைத்து, தட்டில் இருந்ததைக் காட்டினேன். பியரோகி. பூரணம் வைத்து மடித்து வேகவைப்பது. "எங்க ஊர் கொழுக்கட்டை மாதிரியே இருக்கே! ஈஸ்டர்ன் யூரோப்ல எல்லாரும் இது செய்வாங்க இல்ல? ரஷ்யாவுலேர்ந்து வந்ததுதானே?"

இரண்டு ஃபோர்க்குகள் ஒரே நேரத்தில் தட்டில் விழுந்தன.

"சென்ட்ரல் யூரோப்!"

அண்ணனும் தம்பியும் ஒரே குரலில். மூன்று வருஷத்தில் முதல் முறையாக.

"என்னது... ரஷ்யாவா?" மாரெக் எழுந்தேவிட்டார். "தோமெக், மேப்பை எடு!" தோமெக் போனில் மேப்பைத் திறந்து அண்ணன் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். ஐரோப்பாவின் நடு எது, யார் யார் எப்போது படையெடுத்தார்கள், நாடே வரைபடத்தில் இல்லாமல் போய் எப்படித் திரும்பி வந்தது... ஒருவர் மூச்சு விடும்போது மற்றவர் தொடர்ந்தார். ஒரு மணி நேரம். பெரியவர் ஒரு ராஜாவின் பெயரை மறந்தபோது சின்னவர் எடுத்துக்கொடுத்தார். மாரெக், பேச்சுவாக்கில், தன் தட்டிலிருந்த கடைசி பியரோகியைத் தம்பி தட்டில் வைத்தார். தோமெக் போனைக் கீழே வைத்தார். பிறகு குனிந்து அதைச் சாப்பிட்டார்.

ஹலினா மேஜைக்கடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவேயில்லை.

"நீ வேணும்னேதானே அப்படிக் கேட்ட?" என்றார் சேகர், வீட்டுக்கு வந்ததும்.

இல்லை. சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆனால் யோசித்துப் பார்த்தால்... வீட்டுக்குள் இரண்டு கட்சியாக இருக்கிறவர்களை ஒன்றாக்க, வெளியிலிருந்து ஒன்றும் தெரியாமல் பேச ஓர் ஆள் தேவைப்படுகிறது. அந்த உத்தியோகத்துக்கு என்னைவிடத் தகுதியானவர் யார்?

அண்ணன் தம்பி இப்போது தினமும் போனில் பேசுகிறார்கள். ஸ்பீக்கரில். அரசியல்தான். சத்தம் எங்கள் வீடு வரை கேட்கிறது.

மூன்று வருஷ நிம்மதி போய்விட்டதாம் - ஹலினா என்னோடு பேசுவதில்லை.