அரை மைல் தள்ளி ஒரு பொங்கல்

ஸ்கேன் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த டாக்டர், என் மனைவியின் வயிற்றில் இருக்கும் கட்டி எப்படிப்பட்டது என்று எடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார். அடுத்த புதன்கிழமை ஆபரேஷன். திருச்சியிலிருந்து கீரனூர் வரும்வரை பஸ்ஸில் நானும் அவளும் ஒரு வார்த்தை பேசவில்லை. இருபத்தெட்டு வருஷம் அதே ரூட்டில் ஆபீஸ் போய் வந்தவன் நான். அந்த பஸ்ஸில் நான் வாயை மூடிக்கொண்டு வந்தது அன்று ஒருநாள்தான். பழக்கமான கண்டக்டர், உடம்பு சரியில்லையா சார் என்று என்னைத்தான் கேட்டார்.

எனக்குப் பயமாக இல்லை. துக்கமாகவும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னம் இருக்குமே, உள்ளே எல்லாம் அப்படி இருந்தது. தொட்டால் இருப்பது தெரியும், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு வந்தவள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த என்னிடம் கேட்டாள்.

"அந்த மேப்புல நம்ம சாமியக் கண்டுபிடிக்க முடியுமாங்க?"

இதை விளக்க வேண்டும். ரிட்டயர் ஆனபிறகு எனக்கு ஒரு வியாதி பிடித்தது. வெள்ளைக்காரன் காலத்து சர்வே மேப்புகளை ஏதோ வெளிநாட்டு லைப்ரரி ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறது. அவற்றை இறக்கி, இன்றைய சாட்டிலைட் படத்தின்மேல் ஒட்டவைத்து, எந்தக் குளம் எந்தக் கல்யாண மண்டபமானது என்று கண்டுபிடித்து, கேட்காதவர்களுக்கெல்லாம் சொல்வேன். என்னைக் கண்டால் தெருவில் ஆள்கள் அங்கிட்டு ஒதுங்கிப் போக ஆரம்பித்தார்கள். என் மனைவி மட்டும் ஒதுங்க இடமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளாக அந்த மேப்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

எங்கள் குடும்பத்துக்குக் குலதெய்வம் இருக்கிறது. எங்கே என்றுதான் தெரியாது. தாத்தா காலத்திலேயே ஊர் கலைந்துவிட்டது. அந்த ஊரின் பெயர் அப்பாவின் இனிஷியலில் ஓர் எழுத்தாக மிஞ்சியது. எந்த பஸ் போர்டிலும் கிடையாது. விராலிமலைப் பக்கம், ஊருணி மேல்கரையில் நட்டுவைத்த கல் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதற்குமேல் அவருக்கும் தெரியாது. பிள்ளைக்கு மொட்டை, காதுகுத்து எல்லாம் விராலிமலை முருகன் சன்னதியில்தான். ஆள் இல்லாத சீட்டுக்குப் பக்கத்து செக்‌ஷன் அதிகாரி கூடுதல் பொறுப்பு பார்ப்பதுபோல, முருகன் முப்பது வருஷமாக எங்கள் ஃபைலையும் சேர்த்துப் பார்த்துவந்தார். இந்த ஏற்பாடு என் மனைவிக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. கும்பிட சாமி தெரியாத வீட்டில் வாழ்க்கைப்பட்டேன் என்பாள். இப்போது, ஆபரேஷனுக்கு முன்னால் அந்தக் கல்லின் முன் ஒரு பொங்கல் வைத்து, சொல்லவேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். அது நடந்தால் தைரியமாக உள்ளே போய்விடுவேன் என்றாள்.

இரண்டு நாள் தேடினேன். ஊர் கிடைத்தது. எங்கள் ஊர்ப் பெயரை அந்த சர்வேயர் இங்கிலீஷில் கடித்துத் துப்பியிருந்தான், ஆனாலும் அதுதான். நாலைந்து கறுப்புப் புள்ளி வீடுகள், பக்கத்தில் சின்னதாக நீல வட்டம். ஊருணி.

இனி அது இன்றைக்கு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்குப் பழைய மேப்பிலும் புதிய படத்திலும் மாறாமல் இருக்கும் மூன்று இடங்களைப் பிடித்து, ஒன்றின்மேல் ஒன்று பொருத்த வேண்டும். விராலிமலைக் குன்று ஒன்று. பெரிய கண்மாயில் உபரித் தண்ணீர் வழியும் கலிங்கு ஒன்று. மூன்றாவதாக ஹைவே ஓரத்து ஐயனார் கோயில். ஐயனார் எங்கே போய்விடப் போகிறார் என்று நினைத்தேன். முதல் இரண்டும் கச்சிதமாக உட்கார்ந்தன. ஐயனாரைப் பொருத்தியதும் மேப் ஒருபக்கம் இழுத்துக்கொண்டு கோணியது. செத்து நூறு வருஷம் ஆன அந்த சர்வேயரைப் பெயர் தெரியாமலேயே திட்டினேன். வெயிலில் தூங்கியிருப்பான், அளக்கும் சங்கிலியைக் கூலியாளிடம் கொடுத்துவிட்டு இளநீர் குடித்திருப்பான் என்று மனைவியிடம் விளக்கினேன். கோணலைக் கையால் தட்டிச் சரிசெய்தேன். இடம் கிடைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை போனோம். விராலிமலையில் ஓர் ஆட்டோ பிடித்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு நான் வழி சொன்னேன். ஆட்டோக்காரர் இரண்டு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். போய் நின்ற இடம் தைலமரக் காடு. வரிசை வரிசையாக மரம். நடுவில் கொஞ்சம் பள்ளம். இதுதான் ஊருணி என்றேன். பள்ளத்தின் மேற்கே முழங்கால் உயரத்தில் ஒரு கல் கிடந்தது. காட்டில் கல் கிடக்கும்தான். அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

மனைவி அதைக் கழுவி மஞ்சள் பூசினாள். ஆட்டோக்காரர் செத்தை பொறுக்கிக் கொடுத்தார். சாமி ரொம்ப நாளா பட்டினி போலருக்கு, பானை சட்டுனு பொங்கிருச்சு என்றார். அவள் சிரித்தாள். பிறகு கல்லின் முன் உட்கார்ந்து, மெதுவான குரலில் என்னென்னவோ சொன்னாள். நான் கேட்கக்கூடாது என்று தள்ளி நின்றேன். வெகுநேரம் சொன்னாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அந்த வாரத்தில் அவள் அப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை திருச்சி ஆஸ்பத்திரியில் அட்மிஷன். எட்டாம் நம்பர் பெட். பழைய ரிப்போர்ட்டை நர்ஸ் கேட்டாள் என்று போனில் போட்டோக்களைத் தள்ளிக்கொண்டே போனேன். நடுவில் ஒரு போட்டோ. பந்தியில் நான், கையில் வடை, வாயெல்லாம் பல். அந்த ஐயனார் கோயில் கும்பாபிஷேகச் சாப்பாடு. ஹைவேயை அகலப்படுத்தியபோது பழைய கோயிலை எடுத்துவிட்டு, அரை மைல் தெற்கே புதிதாகக் கட்டி நடத்திய கும்பாபிஷேகம். இரண்டு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். சர்வேயர் ஒழுங்காகத்தான் அளந்திருக்கிறான்.

கட்டிலில் அவள் பக்கத்து பெட்காரம்மாவிடம் எங்கள் சாமியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். காபியை ஊதி ஊதிக் குடித்தாள். இதை எப்படிச் சொல்வது? சொல்லாமலும் எப்படி இருப்பது? வழக்கமாக எனக்கு இந்த மாதிரி நேரத்தில் ஒரு கேலி வரும். வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் ஆதார் கார்டு வீட்டில் இருக்கிறது, எடுத்துவாரேன் என்று பொய் சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். ஐயனாரை விட்டுவிட்டு மேப்பை மறுபடி பொருத்தியிருந்தேன். சரியான இடத்தில் சீமைக்கருவேலம் மண்டிக்கிடந்தது. உள்ளே நுழைந்து பார்த்தேன். ஊருணியின் கரை தெளிவாகத் தெரிந்தது. மேல்கரையில் கல் இல்லை. எந்தக் கல்லும் இல்லை. சூடம் ஏற்றினேன், காற்றில் அணைந்தது, மறுபடி ஏற்றினேன். ஏதாவது வேண்டிக்கொள்ள வேண்டும். வாழ்நாளெல்லாம் வாயால் பிழைத்தவனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில், கொரியர்காரனுக்கு அட்ரஸ் சொல்வதுபோல, ஆஸ்பத்திரி, மாடி, பெண்கள் வார்டு, எட்டாம் நம்பர் பெட் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் வார்டுக்குள் நுழைந்ததும் என் முழங்கையில் இருந்த முள் கீறலை அவள் பார்த்தாள். ஆதார் கார்டுல முள்ளு மொளச்சிருக்கா என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஐயனார், வடை, அரை மைல், எல்லாம்.

அவள் போர்வையை இழுத்து மடியில் சரிசெய்துகொண்டாள். பிறகு, "அப்ப ஞாயித்துக்கெழம நா சொன்னதெல்லாம் யாருகிட்டங்க சொன்னேன்?" என்றாள்.

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து தரை டைல்ஸை எண்ணினேன். அந்தப் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"இன்னைக்கிப் போயி என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் வரல. அட்ரஸ் சொன்னேன். எட்டாம் நம்பர் பெட்டுன்னு."

திரும்பினாள். "பெட்ட மாத்தி ரெண்டு மணி நேரமாச்சு. இது பதினேழு. உள்ள வாரப்ப பாக்கலயா?"

பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்து வந்தேன், நம்பரைப் பார்க்கவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போனேன். திசையாவது எனக்குத் தெரியும். விராலிமலை தென்மேற்கு. அந்தப் பக்கம் பார்த்து, பதினேழு என்றேன்.

"சத்தமாச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

புதன்கிழமை காலை ஏழரைக்கு அவளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கூட வந்தவர்கள் வெளியே உட்காரலாம் என்று நர்ஸ் இரண்டு தடவை சொன்னாள். நான் எழுந்திருக்கவில்லை. அவள் திரும்பி வரும்வரை பதினேழாம் நம்பர் பெட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாரும் அதை மாற்றிவிடாமல் உட்கார்ந்திருந்தேன்.