தலை இருபது, கால் ஐம்பத்தைந்து

எங்கள் வீட்டில் மூளை உள்ளவன் நான் ஒருவன்தான் என்பது சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம். செஞ்சிக்கு யார் வந்தாலும் முதலில் கோட்டையைக் காட்டுவார்கள், அடுத்து என்னைக் காட்டுவார்கள். நான் பத்தொன்பதாம் வாய்ப்பாட்டை மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். "கலெக்டர் மூளைடா உனக்கு" என்று தலையைத் தடவிவிட்டுப் போவார்கள். அந்த ஒரு வாய்ப்பாட்டைத் தவிர என்னிடம் வேறு சரக்கு இல்லை என்பது எனக்கும் என் கணக்கு நோட்டுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

நான் ஏழாவது படித்தபோது அம்மா எட்டாவது பரீட்சை எழுதக் கிளம்பினாள். ஐந்தாவதோடு நின்றவள். ஆபீஸ் உதவியாளர் வேலைக்கு எட்டாவது பாஸ் போதும் என்று கேள்விப்பட்டு, தனித்தேர்வுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள். அந்த வருஷத்தை விட்டால் வேலைக்கான வயது தாண்டிவிடும். அப்புறம் காலம் முழுக்க சிங்கவரத்துக் கொல்லைகளில் மல்லாட்டை பிடுங்குவதும், காய்ந்ததை உட்கார்ந்து உடைப்பதும்தான். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்.

"மத்ததெல்லாம் நானே படிச்சிக்கறேன். கணக்குக்கு மட்டும் நீ வாத்தியாரா இருடா சாமி" என்றாள்.

இருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார்களிடம் இருந்த கெட்ட குணங்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு இருந்தேன். தப்பாகப் போட்டால் எழுந்து நிற்கச் சொன்னேன். அரையையும் காலையும் கூட்டி ஆறில் இரண்டு என்று அவள் எழுதிய அன்று, "மண்டையில இன்னா இருக்குது, களிமண்ணா?" என்று கேட்டேன். அதோடு விடாமல் தெருவில் போய்ச் சொல்லிச் சிரித்துவிட்டும் வந்தேன். நைனா என்னை அடிக்கக் கை ஓங்கினார். "வாத்தியார்னா அப்டித்தான் பேசுவாங்க, நீ சும்மா இரு" என்று அம்மா தடுத்துவிட்டாள்.

ஆனால் அவள் செய்த ஒரு காரியம் எனக்குப் புரியவில்லை. தப்பான கணக்கைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மறுபடி போடுவாள். சரியாக வந்த பிறகும் போடுவாள். மல்லாட்டை உடைக்கும் இடத்தில் தொப்பையை, அதாவது உடைத்த கடலைத் தோலை, தரையில் பரப்பி வைத்துப் போடுவாள். மூளை இல்லாதவர்கள் பாவம் இப்படித்தான் மாடு மாதிரி உழைக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன். மூன்றாவது மாதம், நான் கணக்கைச் சொல்லி முடிப்பதற்குள் விடை வந்தது. பத்துக்குப் பத்து.

மூளை என்பது ரேஷன் அரிசி மாதிரி, ஒரு கார்டுக்கு இவ்வளவுதான் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். அம்மா இந்த வேகத்தில் வாங்கினால் எனக்கு என்ன மிஞ்சும்?

பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தபோது ஒரு கணக்கு வைத்தேன். ஒரு பட்டியில் ஆடும் கோழியுமாக இருபது தலை. கால்களை எண்ணினால் ஐம்பத்தைந்து. ஆடு எத்தனை, கோழி எத்தனை? நாலு காலையும் இரண்டு காலையும் எப்படிக் கூட்டினாலும் ஒற்றைப்படை வராது. அது தெரிந்தேதான் வைத்தேன். என் வாழ்க்கையில் நான் உட்கார்ந்து யோசித்துச் செய்த முதல் கணக்கு அது.

அம்மா மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினாள். ஏழு ஆடு என்றால் ஐம்பத்து நாலு வந்தது, எட்டு ஆடு என்றால் ஐம்பத்தாறு வந்தது. பிறந்ததிலிருந்து ஆட்டோடும் கோழியோடும் புழங்கியவள், அவற்றின் கால்களை நம்பாமல் என் பேனாவை நம்பினாள். "நான்தான் எங்கியோ ஒன்ன வுட்டுர்றேன்" என்றாள்.

மூன்றாம் நாள் சாப்பிடும்போது நைனாவிடம், "எனக்கு ஏறல. ஒரு ஆட்டுக் கணக்கே வரல, அங்க போயி அசிங்கப்படணுமா? நான் போகல" என்றாள்.

நைனா என் பக்கம் திரும்பினார். "இன்னாடா, அவ்ளோ கஷ்டமான கணக்கா?"

"சாதாக் கணக்குதான் நைனா. எங்க கிளாஸ்ல எல்லாரும் போட்டுட்டாங்க."

சொல்லிவிட்டு ரசம் ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினேன். அம்மாதான் ஊற்றினாள்.

மறுநாள் காலையில் என்னை உலுக்கி எழுப்பினாள். கையில் ஒரு காலண்டர் தாள். ஆடே இல்லை என்றால் நாற்பது, ஒரு ஆடு நாற்பத்திரண்டு என்று ஆரம்பித்து, இருபது ஆடு எண்பது வரைக்கும் வரிசையாக எழுதியிருந்தாள்.

"பாருடா. ஒரு கோழிய எடுத்துட்டு ஒரு ஆட்ட வுட்டா ரெண்டு காலு கூடுது. எல்லாமே ரெட்டைதான். அம்பத்தஞ்சு எங்கியுமே வராது. கணக்குதான் தப்பு." பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "தெரியாம எழுதிட்ட போலருக்குது. பரவால்ல. பரீட்சையில இப்டி எழுதிடாத, மார்க் போய்டும்."

அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "தப்பு இல்லம்மா. கண்டுபுடிக்கிறியான்னு பாக்கத்தான் வெச்சேன்" என்றேன்.

அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருக்கிறது. மல்லாட்டை உடைக்கும் பெண்களிடம் என்னை இழுத்துப்போய்க் கதையைச் சொன்னாள். "நான்கூட ஒரு ஆடு நொண்டின்னு நெனச்சேன்டி" என்றாள் ஒருத்தி. "இன்னா மூளை உன் புள்ளைக்கு!" என்றாள் இன்னொருத்தி. ஆளுக்கொரு கை மல்லாட்டை கொடுத்தார்கள். நான் டிராயர் பை நிறைய வாங்கிக்கொண்டேன்.

அம்மா பரீட்சை எழுதினாள். பாஸ் செய்தாள். கணக்கில்தான் அதிக மார்க். அடுத்த வருஷம் ஆபீஸ் வேலையும் கிடைத்தது. பெற்ற தாயையே படிக்க வைத்தவன் என்று சொந்தக்காரர்கள் என் கன்னத்தைக் கிள்ளினார்கள். அதே வருஷம் எட்டாம் வகுப்புக் காலாண்டுப் பரீட்சையில் நான் கணக்கில் முப்பத்தொன்று வாங்கினேன். வாத்தியாருக்கு என்மேல் பொறாமை என்று வீட்டில் சொன்னேன்.

அதற்கெல்லாம் முன்பு, அம்மாவின் ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பத்தாவதும் இப்டியே எழுதலாமாமே. சொல்லித் தரியாடா?"

"அது ரொம்பக் கஷ்டம்மா. உனக்கு வராது."

"எட்டாவதும் வராதுன்னுதான் நெனச்சேன்" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனாள்.

இந்த முறை நான் பொய் சொல்லவில்லை. அத்தனை மாதம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருந்தும், அவளுக்கு வராது என்று மனசார நம்பித்தான் சொன்னேன்.