எடை பார்த்த நாள்

எண்பதுகளின் தொடக்கம். பாடாலூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நாலாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். வேலையில் சேர்ந்து இரண்டாவது வருடம்.

ஒரு நாள் எடை மெஷினோடு நர்ஸ் வந்திருந்தார். நான் முள்ளைப் பார்த்துச் சத்தமாகப் படிக்க, அவர் எழுதிக்கொண்டார். மற்ற பிள்ளைகள் எல்லாம் இருபது, இருபத்திரண்டு கிலோ. ரோட்டோரம் டீக்கடை வைத்திருந்தவரின் மகள் ஏறினாள். முப்பத்தொன்பது. "ஏம்மா, கடைக்கு வர்றவங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வையி" என்றேன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். அதனால் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

நான்காம் நாள் காலை, பிரார்த்தனையில் நின்றவள் அப்படியே சரிந்து விழுந்தாள். மடியில் கிடத்தித் தண்ணீர் தெளித்தேன். கண் திறந்ததும் மெதுவாகக் கேட்டாள்.

"டீச்சர், இப்ப எட பாத்தா கொறஞ்சிருக்குமா?"

பக்கத்தில் நின்ற பிள்ளைகளை விசாரித்தேன். எடை பார்த்த நாளிலிருந்து மதியச் சாப்பாட்டை அவர்களுக்குப் போட்டுவிட்டு, வீட்டில் வயிறு சரியில்லை என்று சொல்லிப் படுத்திருக்கிறாள்.

அவள் அம்மா ஓடி வந்தார். வெயிலில் மயங்கிவிட்டாள் என்று சொல்லிவிடும்படி தலைமையாசிரியர் என் காதில் சொன்னார். என்னால் முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா சண்டை போடவில்லை. "எங்க வூட்டுல யாரும் அவள அப்படிச் சொன்னதில்லங்க" என்றார். அவ்வளவுதான்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு நானும் பஸ்ஸில் கூடப் போனேன். பட்டினி போடக் கூடாது, சாயங்காலம் கடையில் மிஞ்சும் போண்டா, வடையை நிறுத்துங்கள், நன்றாக ஓடி விளையாடட்டும் என்றார் டாக்டர். அப்போதுதான் இன்னொன்று உறுத்தியது. மெதுவாக ஓடுகிறாள் என்று விளையாட்டு நேரத்தில் அவளைப் பைகளுக்குக் காவல் வைத்ததும் நான்தான்.

அவள் திரும்பி வந்த அன்று, நான் சொன்னது தப்பு என்று வகுப்பு முன்னால் ஒத்துக்கொண்டேன். சாயங்காலம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளோடு ஓடிப்பிடித்து விளையாட இறங்கினேன். முதல் வாரம் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. வருடக் கடைசியில் அவள் ஒன்றும் ஒல்லியாகிவிடவில்லை. ஆனால் மணி அடித்ததும் மைதானத்துக்கு முதலில் ஓடுகிறவள் அவள்தான்.

நான் ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தைக்காக ஒரு குழந்தை மூன்று நாள் பசியோடு கிடந்ததை நினைத்தால், இன்றும் எந்தப் பிள்ளையிடமும் அதன் உடம்பைப் பற்றிப் பேச எனக்கு வாய் வருவதில்லை.